நான்காம் எண் முகம்

2023 ஆகஸ்ட் 12, சனி

வகுப்பு தொடங்கி மூன்று வாரம் ஆகிவிட்டது. முப்பத்தெட்டு வயதில் புத்தகப் பையோடு பஸ் ஏறினால் கண்டக்டர், "எந்த ஸ்கூலுங்க டீச்சர்?" என்று கேட்கிறார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. போன மார்ச் வரை பள்ளிக்கூடத்தில் உயிரியல் நடத்தியவள்தானே. இப்போது எம்.எஸ்ஸி. மாணவி. மனிதன் யோசிப்பதும், இன்னொரு மனிதனைப் புரிந்துகொள்வதும் மூளையில் எப்படி நடக்கின்றன என்பதுதான் பாடம். விளக்கிச் சொன்னால் யாரும் காது கொடுப்பதில்லை, அதனால் "மூளைப் படிப்பு" என்று முடித்துவிடுகிறேன். ஓரகத்தி வசந்தாமணி, "ஏன், இருக்கறது பத்தலயாக்கும்?" என்று கேட்டாள்.

படிக்கச் சொன்னதே வீட்டுக்காரர்தான். கணபதியில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிற சென்னியப்பனுக்கு எதற்கு இந்த ஆசை என்று சொந்தத்தில் பேச்சு. யூட்யூபில் மூளையைப் பற்றிப் பார்த்துப் பார்த்து நான் அவர் உயிரை எடுத்ததுதான் காரணம். காலேஜில் போய் அந்தப் பேராசிரியர்கள் உயிரை எடு, எனக்குக் கொஞ்சம் விடுதலை கொடு என்றார்.

முதல் நாளே ரெபெக்கா மேடம் ஓர் எச்சரிக்கை விட்டார். இந்தப் படிப்பில் சேருகிறவர்கள் முதல் வருஷம் முடிவதற்குள் வீட்டில் எல்லோருக்கும் ஒரு நோய் கண்டுபிடித்துவிடுவார்களாம். "உங்க வீட்டு ஆளுங்க உங்க பாடப்புத்தகம் இல்ல. தயவுசெஞ்சு யாரையும் படிக்காதீங்க" என்றார். நான் அதற்குள் வசந்தாமணிக்கு மூன்று நோய் கண்டுபிடித்திருந்தேன். அன்றோடு விட்டுவிட்டேன்.

இன்று லேபில் படம் எடுத்தார்கள். உணர்ச்சிகளைப் படிக்கும் சோதனைக்கு உலகம் முழுக்க வெள்ளைக்காரர் முகங்களைத்தான் வைத்திருக்கிறார்கள். நம் ஊர்க்காரர்களுக்கு நம் ஊர் முகங்கள் வேண்டும் என்பது மேடத்தின் கட்சி. எட்டுப் பேர் வர வேண்டும், ஒருவர் கடைசி நேரத்தில் காலை வாரிவிட்டார். இவரைப் பட்டறையிலிருந்து அப்படியே வரச் சொன்னேன். கையில் வார்னிஷ் வாசனையோடு வந்து நின்றார். நான்காம் எண் கொடுத்தார்கள்.

ஆறு உணர்ச்சி. சந்தோஷம், கோபம், பயம், அருவருப்பு, ஆச்சரியம், துக்கம். ஆச்சரியத்துக்கு, கரண்ட் அடித்த மாதிரி முழித்தால் போதுமா என்று கேட்டு கேமராக்காரரைச் சிரிக்க வைத்தார். துக்கம்தான் யாரும் எதிர்பார்க்காதபடி வந்தது. என்ன நினைத்தீர்கள் என்று அப்புறம் கேட்டேன். மகள் பிரகதிக்கு மூன்று வயதில் டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்த இரவு என்றார்.

ஏழாவது பரிவு. அதுதான் மேடத்தின் ஆராய்ச்சிக்கு முக்கியம். அதற்கு முன் வந்த மூன்று பேரும் கல்யாண ஆல்பத்துக்கு நிற்பது போல நின்றார்கள். நான் வெளிச்சத்துக்காக ஒரு தெர்மாகோல் அட்டையைப் பிடித்துக்கொண்டு காலையிலிருந்து ஓரமாக நிற்கிறேன். இவர் கேமராவைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "சாப்புட்டயா கண்ணு?" என்றார். அந்த நேரம் பார்த்து கேமராக்காரர் அமுக்கிவிட்டார். அத்தனை பொடிசுகள் முன்னால் 'கண்ணு'. எனக்கு எரிச்சல். "பேசாதீங்க, படம் ஆடிரும்" என்று கையைக் காட்டினேன்.

கெட்டுப்போன படம் என்றுதான் நினைத்தேன். மேடம் திரையில் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு இதுவே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

2023 ஆகஸ்ட் 13, ஞாயிறு

மாவு அரைக்க மறந்துவிட்டேன். எழுந்து பார்த்தால் அவர் அரைத்து, வழித்து, கிரைண்டரைக் கழுவியும் வைத்திருக்கிறார். கழுவியது சுமார்தான்.

2023 நவம்பர் 13, திங்கள்

தீபாவளிக்குச் சொந்தக்காரர்களுக்கு என்று வாங்கி வைத்த மைசூர்பாக்கில் இரண்டு பெட்டி காலி. பிரகதி என்று நினைத்து அவளைத் திட்டினேன். இவர் எதிரிலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். பெட்டி அவருடைய கட்டிலுக்கு அடியில் இருந்தது.

சர்க்கரை டெஸ்ட் எடுக்கச் சொல்ல வேண்டும். முதல் பருவத் தேர்வு நெருங்குகிறது.

2024 ஜனவரி 22, திங்கள்

அவினாசியில் அவருடைய பெரியப்பா இறந்துவிட்டார். இவரைத் தோளில் தூக்கி வளர்த்தவர். பெண்கள் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்த நடு வாசலில் இவர் வந்து நின்று, "எப்பத் தூக்கறீங்க? பசிக்குது" என்று சத்தமாகக் கேட்டார்.

அழுகை அப்படியே நின்றது. நான் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தேன். என்ன பேசினீர்கள் தெரியுமா என்று கேட்டால், பசிக்குது என்று சொன்னேன் என்கிறார். முகத்தில் ஒரு சங்கடம்கூட இல்லை.

திரும்பும்போது காரில் வசந்தாமணி என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "பொண்டாட்டி ஊட்டப் பாத்துட்டு இருந்தா ஆம்பள இப்படி ஆவானா?" எனக்கும் அதுதான் தோன்றுகிறது. படி படி என்று வாயால் அனுப்பிவிட்டு மனசுக்குள் கறுவுகிறார். அதை என்னிடம் காட்டாமல் ஊர் முன்னால் காட்டுகிறார்.

2024 மார்ச் 7, வியாழன்

இன்று மேடம் நடத்திய பாடம் இதுவரை கேட்டதிலேயே நன்றாக இருந்தது. பிறர் வலியைப் பார்த்தால் நமக்கு ஏன் வலிக்கிறது என்பது பற்றி. நெற்றிக்குப் பின்னாலும் காதோரப் பொட்டுக்கு உள்ளேயும் இருக்கும் சில இடங்கள் அதற்கு வேலை செய்கின்றன. அவை பழுதானால் ஞாபகம் இருக்கும், கணக்கு வரும், வண்டி ஓட்ட வரும். எதிரில் இருப்பவர் அழுகிறார் என்பது மட்டும் உறைக்காது. ஒரு நோயாளியைப் பற்றிச் சொன்னார். மனைவியின் கையில் கொதிக்கும் எண்ணெய் கொட்டிவிட்டது, அவர் தட்டை நகர்த்தி வைத்துக்கொண்டு சாப்பாட்டைத் தொடர்ந்தாராம். அந்த அம்மாவை நினைத்து வகுப்பே உச்சுக்கொட்டியது. நான் நான்கு பக்கம் குறிப்பு எடுத்தேன்.

சாயங்காலம் தேங்காய் உடைக்கும்போது அரிவாள் நழுவி என் கட்டைவிரலில் ஆழமாக வெட்டிவிட்டது. ரத்தம் சிங்க் முழுக்க. அவர் தண்ணீர் குடிக்க வந்தார். பார்த்தார். டம்ளரை எடுத்தார், என்னைச் சுற்றிக்கொண்டு போய் பில்டரில் தண்ணீர் பிடித்தார், போய்விட்டார். பிரகதிதான் துணி கட்டினாள்.

ஒரு நிமிஷம் என்னமோ தோன்றியது. மேடத்தின் எச்சரிக்கை ஞாபகம் வந்து அதை அப்படியே நிறுத்தினேன். அந்த மனிதருக்கு நோய். என் வீட்டில் இருப்பவருக்குக் கொழுப்பு.

2024 மார்ச் 29, வெள்ளி

மூன்று நாளாகக் காய்ச்சல். எழ முடியவில்லை. காலையில் அவர் அறைக் கதவருகே வந்து நின்று என்னைப் பார்த்தார். கூப்பிடுவார் என்று கண்ணைத் திறக்காமல் கிடந்தேன். ரிமோட் எங்கே என்று கேட்டார்.

பதினேழு வருஷக் கல்யாணம். பேறுகாலத்தில் என் காலைப் பிடித்துவிட்டவர். அழுதேன். அழுவது அவருக்குக் கேட்கும்படிதான் அழுதேன். டிவி சத்தம் கூடியது.

2024 ஏப்ரல் 18, வியாழன்

இதை எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

தினமும் மூன்று மணிக்கு முதலாளி பட்டறையை விட்டுவிட்டு எங்கேயோ போகிறார் என்று வேலைக்காரர் சொன்னார். வாடிக்கையாளர்களை எடுத்தெறிந்து பேசுகிறாராம், இரண்டு பேர் மோட்டாரைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார்களாம். எனக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. மூன்று மணி மட்டும்தான் ஏறியது. யாரோ ஒருத்தி இருக்கிறாள் என்று முடிவே கட்டிவிட்டேன்.

இன்று வகுப்பை மட்டம் போட்டுவிட்டு முக்காட்டைப் போட்டுக்கொண்டு ஆட்டோவில் அவர் வண்டிக்குப் பின்னாலேயே போய் ஒரு மருந்துக் கடை வாசலில் நின்றேன். எனக்கு இந்த வயதில் இது தேவைதான். வண்டியை நிறுத்திவிட்டு அவர் எதிரில் இருந்த பேக்கரிக்குள் போனார். கூட யாரும் இல்லை. ஹனி கேக் ஒன்று, இன்னொன்று, அப்புறம் தேங்காய் பன், மறுபடியும் ஹனி கேக். சட்டையில் ஜாம் ஒழுகுவதைத் துடைக்கவில்லை. பக்கத்து மேசையில் ஒரு குழந்தை மிச்சம் வைத்த துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். குழந்தையின் அம்மா முறைத்ததை அவர் பார்த்தார், பார்த்தும் மென்றுகொண்டிருந்தார்.

பெண் யாரும் இல்லை. எனக்கு அவ்வளவு நிம்மதி. பஸ்ஸில் வரும்போதுதான் அந்த நிம்மதியும் கரைந்தது. இன்னொருத்தி இருந்தால் அவளோடு சண்டை போடலாம். ஹனி கேக்கோடு என்ன சண்டை போட?

2024 மே 10, வெள்ளி

பிரகதிக்குப் பத்தாம் வகுப்பு ரிசல்ட். நானூற்று எழுபதுக்கு மேல். போனை எடுத்துக்கொண்டு அப்பாவிடம்தான் முதலில் ஓடினாள். அவர் "சரி" என்றார். அவள் நின்றுகொண்டே இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, டிவி மறைக்குது, தள்ளு என்றார்.

சாயங்காலம் வரை அவள் அறையை விட்டு வெளியே வரவில்லை. நான் கேசரி செய்தேன். முக்கால்வாசியை அவர் சாப்பிட்டுவிட்டார்.

2024 ஜூலை 15, திங்கள்

இரண்டாம் வருஷம் தொடங்கி மூன்று வாரமாக நான் கல்லூரிக்குப் போகவில்லை. வசந்தாமணி சொன்னதைத்தான் செய்து பார்த்தேன். வீட்டோடு இருந்தேன். மூன்று வேளையும் சூடாகச் சமைத்தேன். கொள்ளுப் பருப்பு, அரிசிம்பருப்பு, சந்தவை என்று அவருக்குப் பிடித்ததாகவே. வாசலில் நின்று வழியனுப்பினேன். மருமகள் வேலையைப் புதிதாகச் சேர்ந்தவள் போலச் செய்தேன்.

இன்று, நான் படிப்பை விட்டுவிடட்டுமா என்று கேட்டேன். என்ன படிப்பு என்றார்.

நான் போகாமல் இருந்ததே அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். இந்த மனுஷருக்கு என் மேல் இன்னும் பிரியம் இருக்கிறதா, இல்லையா? இல்லை என்றால் சொல்லிவிடட்டும், நான் பிரகதியைக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறேன். இருக்கிறது என்றால் ஒரே ஒரு தரம் காட்டட்டும்.

நாளைக்குக் கல்லூரிக்குப் போகிறேன்.

2024 செப்டம்பர் 14, சனி

என் புராஜெக்ட் ஓடிக்கொண்டிருக்கிறது. நாற்பது வயதுக்கு மேற்பட்ட, உடம்புக்கு ஒன்றும் இல்லாத ஆட்கள் வேண்டும். திரையில் முகங்கள் வரும், என்ன உணர்ச்சி என்று சொல்ல வேண்டும். பரிவுப் படங்களுக்கு மட்டும் கூடுதலாக ஒன்று: இவர் என்ன சொல்கிறார், ஒரு வரி சொல்லுங்கள். நடுநடுவே, ஆள் தூங்கிவிட்டாரா என்று பார்க்கச் சில்லறைக் கேள்விகள் வரும். கண்ணாடி போட்டிருக்கிறாரா, மீசை இருக்கிறதா. லேபில் இந்த வருஷம் சேர்ந்த நவ்ஷாத் அதற்குக் கிள்ளுக் கேள்வி என்று பெயர் வைத்திருக்கிறான்.

இன்று வர வேண்டியவர் வரவில்லை. வேறு வழியில்லாமல் இவரைக் கூட்டிக்கொண்டு போனேன். கேன்டீனில் இனிப்பு இருக்கிறது என்று சொன்னதும் கிளம்பிவிட்டார்.

பயந்த முகத்துக்கு "ஒண்ணுமில்ல" என்றார். அழுகிற முகத்துக்கும் "ஒண்ணுமில்ல." அருவருப்புக்கு, "சிரிக்கிறான்." யோசிக்கக்கூட இல்லை, படம் வந்ததும் பட்டென்று பதில். அப்புறம் நான்காம் எண் வந்தது. அவருடைய துக்கம்.

"இது நாந்தான்" என்றார்.

"சரிங்க, என்ன மாதிரி இருக்கறீங்க?"

"தூங்கறாப்ல."

அடுத்து அந்தப் பரிவுப் படம். என்னைப் பார்த்து எடுத்த படம். என்ன உணர்ச்சி என்று கேட்டேன். பல்லு தெரியுது என்றார். என்ன சொல்கிறார் என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லல. படம் எங்கியாச்சும் பேசுமா?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். என் படிப்பை, என் புராஜெக்டை, என்னை, எல்லாவற்றையும் சேர்த்து நக்கல் அடிக்கிறார். சொந்த முகத்தைத் தெரியாதது போல் நடிக்கிற அளவுக்கு ஒரு மனுஷருக்கு வன்மம் இருக்குமா? கேன்டீனில் குலாப் ஜாமூன் வாங்கிக் கொடுத்து ஆட்டோ ஏற்றிவிட்டேன். மேலே வந்து அவருடைய பதில்களை நீக்கினேன். காரணம் என்ற இடத்தில் 'ஒத்துழைக்கவில்லை' என்று போட்டேன். போட்டபோது ஒரு திருப்தி இருந்தது, மறைக்க மாட்டேன்.

இன்றிலிருந்து பிரகதி அறையில் படுத்துக்கொள்கிறேன்.

2024 செப்டம்பர் 18, புதன்

எங்கள் லேபில் ஒரு வழக்கம் உண்டு. யாருடைய பதிலையாவது நீக்கினால், புதன்கிழமைக் கூட்டத்தில் எழுந்து நின்று காரணத்தைச் சொல்ல வேண்டும். கணக்கு அழகாக வரவேண்டும் என்று யாரும் இஷ்டத்துக்கு ஆளைத் தூக்கிவிடக் கூடாது என்பதற்காக.

நான் எழுந்தேன். பதினேழாவது ஆள், ஒத்துழைக்கவில்லை, எல்லாவற்றுக்கும் விளையாட்டாகப் பதில் சொன்னார் என்றேன். வீட்டுக்காரர் என்று சொல்லவில்லை. நவ்ஷாத் பதில்களைத் திரையில் போட்டான். கொஞ்ச நேரம் கீழும் மேலும் தள்ளிப் பார்த்தான்.

"அக்கா, இவரு விளையாடலயே. கிள்ளுக் கேள்வி எல்லாமே கரெக்டா சொல்லியிருக்காரே. மீசை, கண்ணாடி, ஒண்ணுகூடத் தப்பில்ல."

அடுத்த பக்கத்தைத் திரையில் தள்ளினான்.

"சந்தோஷமும் கரெக்ட். பயம், துக்கம், அருவருப்பு, பரிவு, இது மட்டும்தான் அவருக்கு..." என்று சொல்லிக்கொண்டே போனவன் என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டான்.

நக்கல் அடிக்கிற ஆள் மீசையிலும் நக்கல் அடிப்பார். இது முதல் வருஷப் பிள்ளைக்குத் தெரியும். எனக்கு மார்ச் மாதத்து நான்கு பக்கக் குறிப்பு அப்படியே கண் முன்னால் வந்தது. எண்ணெய் கொட்டிய கை. தட்டை நகர்த்திய மனிதர்.

மேடம் எல்லோரையும் டீ குடிக்க அனுப்பினார். கதவைச் சாத்திவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டார். "கோகிலவாணி, பதினேழாவது ஆள் யாரு?"

2024 செப்டம்பர் 19, வியாழன்

மேடம் ஒரு நரம்பியல் டாக்டரிடம் நாள் வாங்கிக் கொடுத்தார். இட்லிக்கு ஊறப் போட்டேன். வேறொன்றும் எழுத வரவில்லை.

2024 அக்டோபர் 9, புதன்

ஸ்கேன் படத்தை டாக்டர் வெளிச்சத்தில் மாட்டுவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. இத்தனை மாதம் எத்தனை மூளைப் படம் பார்த்திருப்பேன். பின்பக்கம் நன்றாக இருக்கிறது. முன்பக்கமும் பொட்டுப் பக்கமும் வற்றிப் போயிருக்கிறது, வலது பக்கம் அதிகமாக. கதவைத் திறந்து உள்ளே போனால் பாதி வீட்டில் ஆள் இல்லாத மாதிரி.

மறதி நோயின் உறவுக்கார நோய் இது. அதைவிடச் சின்ன வயதிலேயே வரும். முதலில் ஞாபகத்தைத் தொடாது, ஆளைத் தொடும். வெளியே தெரிவதற்கு வெகு முன்பே, இரண்டு மூன்று வருஷத்துக்கு முன்னால் உள்ளே தொடங்கியிருக்கும் என்றார் டாக்டர். திருப்ப மருந்து இல்லை. மெல்ல மெல்லப் பேச்சும் குறையும்.

அவர் பக்கத்தில் உட்கார்ந்து டாக்டர் மேசையில் இருந்த மிட்டாய்க் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் நகர்த்திக் கொடுத்தார். காகிதம் உரிக்கும் சத்தத்துக்கு நடுவில், படித்தவள் கேட்கக் கூடாததைக் கேட்டேன்.

"அவருக்கு எம் மேல பிரியம் இருக்குதுங்களா?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "அதக் காட்டற பக்கம் போயிருச்சும்மா. உள்ள இருக்குதா இல்லையான்னு ஸ்கேன்ல தெரியாதுங்க."

திரும்பி வரும்போது சிக்னலில் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் கையை உருவிக்கொண்டு இன்னொரு மிட்டாயைப் பிரித்தார். எனக்குக் கோபம் வரவில்லை. கோபப்பட்ட இந்த ஒரு வருஷம்தான் திரும்பத் திரும்ப வந்தது. ஒரு நோயோடு உட்கார்ந்து சண்டை போட்டிருக்கிறேன். முறைத்திருக்கிறேன், வேண்டுமென்றே உப்பு அதிகம் போட்டிருக்கிறேன், பேசாமல் இருந்து தண்டித்திருக்கிறேன். எதுவும் அவரைப் போய்ச் சேரவில்லை. அதற்குச் சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை. அழுதேன்.

இரவு எங்கள் அறைக்கே திரும்பிப் போய்ப் படுத்தேன். லைட்டை அணைக்கச் சொன்னார்.

2024 அக்டோபர் 12, சனி

பிரகதியிடம் சொன்னேன். படம் வரைந்து, எந்த இடம் என்ன வேலை செய்யும், அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று டீச்சராகவே சொன்னேன். அப்படித்தான் என்னால் சொல்ல முடிந்தது. அவள் கடைசிவரை கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அப்ப அப்பாவுக்கு என்னப் புடிக்காமப் போகலயாம்மா?"

இல்லை சாமி என்றேன். அவள் சிரித்துவிட்டாள். ரிசல்ட் வந்த நாளிலிருந்து இந்தப் பிள்ளை இதைத்தான் மென்று விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறாள். சிரித்த பிறகுதான் நான் சொன்ன மற்றதெல்லாம் அவளுக்கு உறைத்தது. அதற்கப்புறம் இரண்டு பேரும் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

2024 அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. பலகாரத்தை பீரோவில் வைத்துப் பூட்டினேன். பட்டறையை மூத்தார் எடுத்து நடத்துகிறார். வசந்தாமணி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, தெரியாமப் பேசிட்டேன் என்றாள். எனக்கே தெரியவில்லை, உனக்கு எப்படித் தெரியும் என்று சொல்லி அனுப்பினேன்.

2025 ஜனவரி 8, புதன்

மேடம் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். நான்காம் எண் முகத்தை எடுத்துவிடலாமா, திரையில் தினமும் பார்க்க உனக்குக் கஷ்டமாக இருக்காதா என்று. புதிதாக ஒருவரை வைத்துப் படம் எடுத்துக்கொள்ளலாம் என்றார்.

வேண்டாம் என்றேன். அந்த முகம் இப்போது அங்கே மட்டும்தான் இருக்கிறது.

வீட்டில் ஒரு ஒழுங்கு வந்திருக்கிறது. ஒரே நேரத்துக்குச் சாப்பாடு, ஒரே தெருவில் நடை, ஒரே பாட்டு. நான் பரிமாறினால் என் தட்டில் இருப்பதையும் எடுத்துக்கொள்கிறார். அதனால் அவர் சாப்பிட்டு எழுந்தபிறகு அடுப்படியில் நின்றபடி சாப்பிடுகிறேன். சில நாள் மறந்தும்விடுகிறது.

2025 பிப்ரவரி 20, வியாழன்

பரிவுப் படங்களுக்கு எல்லோரும் சொன்ன ஒரு வரிப் பதில்களை நவ்ஷாத் தொகுத்துக்கொண்டிருந்தான். புராஜெக்ட் முடியும் தறுவாயில் இருக்கிறது, வேலை மலை போல் கிடக்கிறது. மற்ற ஏழு முகத்துக்கும் பதில்கள் ஆளுக்கு ஒரு திக்கில் போயிருக்கின்றன. பாவம் என்கிறார், பரவாயில்லை என்கிறார், வணக்கம் சொல்கிறார், கடன் கேட்கிறார் என்றுகூட ஒருவர்.

"அக்கா, இங்க வாங்களேன். நாலாம் எண்ணுக்கு மட்டும் ஒரு வேடிக்கையா வந்திருக்கு."

அந்தப் படம் எடுத்த நாளில் அவன் லேபிலேயே சேரவில்லை. அவர் என்ன சொன்னார் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. அது என்ன பெரிய வசனமா, சொல்வதற்கு?

அவன் படிக்க ஆரம்பித்தான். ஊட்டிப் பக்கத்திலிருந்து வந்த நர்ஸ் அம்மா, சாப்டாச்சா. ரிட்டையர் ஆன தாசில்தார், சாப்பிட்டீங்களா என்று மனைவியைக் கேட்கிறார். சென்னைக்காரர் ஒருவர், சாப்ட்டியா. மதுரைக்காரர், சாப்டியாத்தா. பொள்ளாச்சியிலிருந்து வந்த ஓர் அக்கா மட்டும் கொஞ்சம் நீளமாகச் சொல்லியிருந்தார். இந்தப் புள்ள இன்னும் சாப்புடாம நிக்குதேன்னு வெசனப்படறாரு, அதக் கேக்கறாரு.

பாதிக்குப் பாதிப்பேர் அதையே சொல்லியிருக்கிறார்கள். ஒருவரையொருவர் பார்த்ததில்லை. அவரையும் பார்த்ததில்லை. ஒரு முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அந்த மனுஷர் அன்றைக்கு என்னிடம் கேட்டதை அப்படியே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

ஸ்கேனில் தெரியாது என்றார் டாக்டர். சரிதான். இத்தனை பேருக்குத் தெரிந்திருக்கிறது.

நவ்ஷாத் என்னைப் பார்த்தான். அவனுக்கு என்ன புரிந்ததோ, பைக் சாவியை எடுத்துக்கொண்டு, மற்ற பிள்ளைகளையும் சாப்பிடப் போகலாம் என்று கிளப்பிக்கொண்டு போய்விட்டான். மதிய வெயில் ஜன்னலில் சாய்ந்து விழுந்தது. திரையில் நான்காம் எண். சட்டையின் மேல் பொத்தான் திறந்தபடி, வாய் பாதித் திறந்து, கண் கேமராவை விட்டு ஓரமாக. ஓரத்தில் தெர்மாகோல் அட்டையோடு ஒருத்தி நிற்பது படத்தில் இல்லை.

அன்றைக்கு அவள் பதில் சொல்லவில்லை. படம் ஆடிரும் என்றாள்.

"இல்லீங்க," என்றேன். "இன்னும் சாப்புடலீங்க."

அப்புறம் டிபன் டப்பாவைத் திறந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, அவர் எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன்.